மருந்தை வெளியே தள்ளும் உயிரணு

தொடக்கத்தில் நன்கு வேலை செய்த மருந்து பின்னர் பயனற்றுப் போவதேன் என்று புற்றுநோயாளரின் வீட்டார் வருந்திக் கேட்பதுண்டு. உடனே மருத்துவரைக் குறை கூறுதல் முறையன்று.

1976-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் ஜூலியானோ, விக்டர் லிங் என்னும் அறிஞர்கள் சீன வெள்ளெலியின் உயிரணுக்களை ஆராய்ந்தனர். நம் செங்காந்தள் கிழங்கிலும் உள்ள கொல்ச்சிசின் என்னும் நஞ்சையும் தாங்கி வளர்ந்தவை அவை. அவற்றின் மேற்சவ்வில் ஒரு புரதம் மிகுந்திருந்தது. பி-கிளைக்கோப்ரோட்டீன் என்பது அதன் பெயர். உயிரணுவின் ஆற்றலைச் செலவிட்டு, உள்ளே புகும் மருந்தை நீர் இறைப்பதுபோல் வெளியேற்றுவதே அதன் தொழில். ஒரு மருந்தை மட்டுமன்று, தொடர்பற்ற வேறு பல மருந்துகளையும் அது வெளியேற்றும்.

ஆயினும் இப்புரதம் நமக்குப் பகையன்று. குடலிலும், சிறுநீரகத்திலும், மூளையின் இரத்தக் குழாய்களிலும் இருந்து நஞ்சினின்று நம்மைக் காப்பதும் அதுவே. அதனை முடக்கும் முயற்சிகள் எளிதில் கைகூடாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்து பலிக்காமைக்கு வேறு காரணங்களும் உண்டு. மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்தளிப்பதும், இடையே மாற்றுவதும் இத்தகைய அணுக்களை வெல்வதற்கே. ஆகவே, மருந்து மாறினால் மனந்தளராதீர்கள். குறித்த நாளில் சிகிச்சைக்குச் செல்லத் தவறாதீர்கள்.