சமோவாவை மறந்தவர்கள் கையில் தடுப்பூசிப் பணம்

கேவி தடுப்பூசிக் கூட்டணிக்கு நிதி திரட்டும் மாநாடு 2025 ஜூன் 25 அன்று பிரஸ்ஸல்ஸில் நடந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் 50 கோடிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட 1,190 கோடி டாலர் கேட்டிருந்தார்கள். கிடைத்த வாக்குறுதி 900 கோடி டாலருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் நேரில் வராமல் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். மக்களின் நம்பிக்கையைக் கேவி மீட்டெடுக்கும்வரை அமெரிக்கா ஒரு காசும் தராது என்பது அதன் சாரம். முந்தைய ஆட்சி உறுதியளித்த 160 கோடி டாலர் அத்துடன் போயிற்று. மூன்றே வாரத்தில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கு வெளியிட்டன: 2024இல் ஒரே ஒரு தடுப்பூசிகூடப் போடப்படாத குழந்தைகள் 1.43 கோடிப் பேர்.

"அவர்கள் வரிப்பணம், அவர்கள் விருப்பம்" என்று இங்கேயும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தடுப்பூசியைப் பற்றிக் கேள்வி கேட்பது தவறா என்று கேட்பவர்களும் உண்டு. இவர்கள் யாரும் சமோவாவைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்க மாட்டார்கள்.

சமோவா பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவு நாடு. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே சவாய் தீவின் மருத்துவமனை ஒன்றில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதில், காலாவதியான தசைத் தளர்வு மருந்தைச் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். மருந்தில் குற்றமில்லை, கலந்த கையில்தான் குற்றம். அவர்கள் நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார்கள். ஆனால் அரசு பயந்துபோய் அந்தத் தடுப்பூசியையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. அந்த இடைவெளியில் வதந்தி வேர்விட்டது. ஊசி போட்ட குழந்தைகளின் அளவு மூன்றில் ஒன்றாகச் சரிந்தது.

2019 ஜூனில் கென்னடி சமோவாவுக்குப் போனார். அப்போது அவர் தடுப்பூசி எதிர்ப்பு அமைப்பு ஒன்றின் தலைவர். பிரதமரைச் சந்தித்தார், உள்ளூரில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசி வந்தவர்களையும் சந்தித்தார். தடுப்பூசி நின்ற காலத்தின் விளைவுகளை அளக்க ஒரு மருத்துவத் தகவல் ஏற்பாடு பற்றிப் பேசப் போனதாகப் பின்னாளில் எழுதினார். 2025 ஜனவரியில் செனட் குழு கேட்டபோதோ, அந்தப் பயணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பே இல்லை என்றார்.

அதே 2019இன் இறுதியில் தட்டம்மை சமோவாவுக்குள் நுழைந்தது. 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய். இறந்தவர்கள் 83 பேர், பெரும்பாலோர் 5 வயது நிரம்பாதவர்கள். நோய் உச்சத்தில் இருந்த நவம்பரில்கூடக் கென்னடி பிரதமருக்குக் கடிதம் எழுதி, தடுப்பூசியின் மீதே சந்தேகத்தைக் கிளப்பினார். டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே மூடியது. ஊசி போடாதவர்கள் உள்ள வீடுகளின் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடுவீடாகப் போய் ஊசி போட்டது. அதன் பிறகுதான் சாவு நின்றது.

2 லட்சம் பேரில் 83. இந்த விகிதத்தைத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 32,000 வருகிறது. சில மாதங்களில் 32,000 சாவு, அதுவும் பெரும்பாலும் குழந்தைகள். நான் இந்தக் கணக்கை விடாமல் எழுதி வருகிறேன், இனியும் எழுதுவேன். காரணம், இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதே மாதங்களில் அதே தட்டம்மை பக்கத்திலுள்ள டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் போனது. டோங்காவில் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் வந்தது. இரண்டு நாடுகளிலும் ஒரு சாவுகூட இல்லை. அதே கடல், அதே வைரஸ், கிட்டத்தட்ட அதே வருமானம். வேறுபாடு ஒன்றே ஒன்று: அங்கே குழந்தைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். இதைவிடத் தெளிவான சான்றை எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாது. இதைப் பார்த்த பிறகும் சந்தேகம் பேசுகிறவரிடம் விவாதிக்க ஒன்றுமில்லை.

நமக்கும் இது தெரிந்த கதைதான். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களுக்கே போய் ஊசி போடும் முகாம்களை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 100க்கு 81 பேர். 2015-16இல் 70 பேர். வேறு காரணங்களும் சொல்கிறார்கள். வாசலுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மா வராமல் போனதுதான் காரணம் என்பேன் நான். நம்பிக்கை உடைய ஒரு நாள் போதும், ஒட்டவைக்கப் பத்தாண்டுகள் ஆகின்றன.

அந்த நம்பிக்கையைத்தான் இப்போது உலகின் பெரிய நன்கொடையாளர் நாடு உடைக்கிறது. கென்னடி தன் காணொளியில் குறிவைத்தது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை. கினி-பிசாவுவில் 1980களின் தொடக்கத்தில் திரட்டிய ஒரு சிறு தரவின் மேல் எழுந்த ஆய்வுதான் அவர் கையில் இருந்த ஆயுதம். அந்த ஊசியை உள்ளடக்கியதுதான் நம் குழந்தைகளுக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி. அதை இந்தியாவில் முதலில் தொடங்கிய இரு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில், கேவியின் உதவியோடு. அவர் வாஷிங்டனில் உட்கார்ந்து தூற்றுவது நம் அங்கன்வாடிக் குழந்தைகளின் தொடையில் ஏறிய மருந்தை.

அவருடைய சொந்த நாட்டு நிலைமை என்ன? டெக்சாஸில் தொடங்கிய தட்டம்மை பரவி, 1992க்குப் பின் காணாத எண்ணிக்கையை 2025இல் அமெரிக்கா கண்டுவிட்டது. டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பின், ஜூனில், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் அவர் ஒரே நாளில் வெளியேற்றினார்.

குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, இயன்றதில் உயர்ந்த உடல்நலம் குழந்தையின் உரிமை என்கிறது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யாத ஒரே நாடு அமெரிக்கா. 1995இல் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்பதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ளாத நாட்டின் தேர்தல் முடிவை நம்பி நைஜீரியக் குழந்தையின் ஊசியை நாம் இத்தனை காலம் விட்டுவைத்ததே பெரிய பிழை. அமெரிக்கா நாளை மனம் மாறிப் பணத்தோடு வந்தாலும், உடன்படிக்கையில் உறுதியளிக்காதவரை கேவியின் முடிவுகளில் அதற்கு வாக்கு இருக்கக் கூடாது.

பணத்துக்கு என்ன செய்வது? இந்தியா தரட்டும். அமெரிக்கா நிறுத்திய 160 கோடி டாலரை ஐந்தாண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,750 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் 2025-26 சுகாதார ஒதுக்கீடு ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய். அதில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கேவி வாங்கும் தடுப்பூசியில் பெரும்பங்கு புனேயின் சீரம் நிறுவனம் போன்ற இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராவது. கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வீட்டுக்கே திரும்பும். ஒருகாலத்தில் கேவியிடம் உதவி பெற்ற இந்தோனேசியா 2024இல் 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 2020இல் நாம் அறிவித்தது 1.5 கோடி டாலர். நம் நாட்டிலேயே 2024இல் ஊசி போடப்படாத குழந்தைகள் 9 லட்சம் பேர் இருந்தார்களே என்பார்கள். உண்மை. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன் அது 16 லட்சம். ஒரே ஆண்டில் 7 லட்சத்தைக் குறைக்கத் தெரிந்த நாட்டுக்கு, வெளியே கொடுத்தால் உள்ளே செய்ய முடியாது என்று சொல்ல முகமில்லை. அடுத்த பிப்ரவரியின் நிதிநிலை அறிக்கையில் கேவிக்கென 2,750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் அதைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டும்.