சைக்கிள் யாத்திரையும் சிறு வழிகளும்

ஒரு நாட்டை அறிய விரும்புவோன் எத்துணை விரைவாகச் செல்லுதல் வேண்டும்? கால்நடையாகச் செல்வோன் யாவற்றையும் காண்பான். ஆயினும் ஒரு பகலில் அவன் காணும் நிலம் சிறிது. மோட்டாரிற் செல்வோன் நெடுந்தூரம் கடப்பான். ஆயினும் அவன் காண்பது பெரும்பாலும் முன்செல்லும் லாரியின் முதுகே. இவ்விருவர்க்கும் நடுவே, மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில், பறவையின் குரலைக் கேட்டுக்கொண்டும் எதிர்ப்படுவோரிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டும் செல்பவன் சைக்கிள் யாத்திரிகன். இதனைப் பலரும் ஒப்புவர். ஒப்பியவுடன் எந்தச் சைக்கிளை வாங்கலாம் என்று விலை விசாரிக்கத் தொடங்குவர். சைக்கிளைக் காட்டிலும் முதன்மையாக வேண்டப்படுவது நல்ல வழி என்பதே என் கருத்து. மோட்டார் நெரிசலில்லாச் சிறு வழிகள் நம் தாம்பரத்தைச் சூழ இன்னும் சில எஞ்சியுள்ளன. அவை எஞ்சியுள்ளபோதே அவற்றைக் காத்தல் நம் கடமை.

வழியின் அருமையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையினவாய் இருத்தலே இதற்குச் சான்று. ஆறு என்பது வழி. பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதான் ஒருவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கமாய் விளங்கும் செங்கண்மா நகர்க்கு, நன்னனைக் காணச் செல்லும் மலைவழியை 583 அடிகளிற் கூறுகின்றது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே உண்டு, பாம்புறையும் குழி எங்கே உண்டு, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எங்ஙனம் தப்புவது, எவ்விடத்தில் விருந்து கிடைக்கும் என்றெல்லாம் அப்புலவர் அன்போடு சொல்லிச் செல்கின்றார். இவை யாவும் மெல்ல நடந்தோன் கண்டு வைத்த செய்திகள். இன்றைய நெடுஞ்சாலைக்கு ஓர் ஆற்றுப்படை பாடப் புகுந்தால், சுங்கச்சாவடிகளை எண்ணுவதன்றிப் புலவனுக்கு வேறு வேலை இராது.

பிற நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தவர் உளர். பிரெஞ்சு தேசத்தில் சேந்த்-எத்தியேன் நகரத்துப் பட்டு வியாபாரியான போல் தெ விவி (1853–1930) என்பார், வெலோசியோ என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். 1887-இல் சைக்கிளுக்கென ஒரு பத்திரிகை தொடங்கி, பந்தயத்திற்காகவன்றி நாடு காண்பதற்காகவே சைக்கிளேறுமாறு மக்களைத் தூண்டினார். அவருடைய ஊரைச் சூழ்ந்தவை மலைகள். ஒரே பற்சக்கரத்தைக் கொண்டு மலையேறுதல் வீண் துன்பம் என்று கண்டு, கியர் மாற்றும் அமைப்புக்களைத் தாமே ஆராய்ந்து பரப்பினார். நம் ஊர்களில் வழங்கும் சாதாரணச் சைக்கிளில் முன்சக்கரத்திற்கு 44 பல்லும் பின்சக்கரத்திற்கு 18 பல்லும் இருக்குமாயின், மிதிகட்டை ஒருமுறை சுழல வண்டி ஏறக்குறைய 5½ மீட்டர் செல்லும். மலைக்கென அமைத்த சைக்கிளில் முன்னே 22 பல்லும் பின்னே 34 பல்லும் வைத்தால் ஒரு சுழற்சிக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே செல்லும். பாரம் அதுவே, அதனைச் சிறுகச் சிறுகத் தூக்குகின்றோம். இத்துணை எளிய உதவியையும் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தார் 1937 வரையில் தம் போட்டியில் அநுமதித்திலர். நம் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபுகுந்ததும் அவ்வாண்டே.

நெடுங்காலம் மலைகளிற் சைக்கிளேறித் திரிந்த அப்பெரியாரை மலைச்சரிவு ஒன்றும் செய்திலது. 1930-இல் தம் நகரத்து வீதியிலே டிராம் வண்டி மோதி இறந்தார். சைக்கிளிற் செல்வோனுக்கு அபாயம் மேட்டிலும் பள்ளத்திலும் இல்லை, நெரிசலில்தான் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனை அந்நாட்டார் மறந்திலர். கிராமத்தையும் கிராமத்தையும் இணைக்கும் குறுகிய தார்ச்சாலைகள் அங்கே மலைப்புறங்களிலும் பரவிக் கிடக்கின்றன. கைவிடப்பட்ட ரயில் பாதைகள் பல, நடப்போர்க்கும் சைக்கிளர்க்கும் உரிய பசுவழிகளாக மாற்றப்பட்டுள்ளன. ஆல்ப்ஸ் மலையில் 2,360 மீட்டர் உயரமுள்ள இசோவார் முதலிய கணவாய்ச் சாலைகளைக் கோடைக்காலத்துச் சில காலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு அடைத்து, சைக்கிளர்க்கே விடுகின்றனர். புதுச் சாலை ஒன்றும் போடாமல், உள்ள சாலையைச் சில மணி நேரம் அமைதியாக்குவது இம்முறை. செலவு சிறிது, பயன் பெரிது.

"பிரெஞ்சு தேசத்து மலைக்கும் தாம்பரத்திற்கும் என்ன சம்பந்தம்?" என்று நண்பர் சிலர் நகைக்கலாம். நம்மைச் சுற்றியும் குன்றுகள் இல்லாமலில்லை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் என வரிசையாய் நிற்கும் இக்குன்றுகள் மிகப் பழமையான பாறைகளாலாயவை. பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்பார் பழைய கற்காலத்துக் கருவியைக் கண்டெடுத்ததனால் பாரத நாட்டுத் தொல்பழங்கால ஆராய்ச்சியே தொடங்கிற்று. நிலத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சென்றவர் கண்ணில் அது பட்டது; விரைந்து செல்வோர் கண்ணில் பட்டிராது.

வழிகளும் உள. ஜி.எஸ்.டி. சாலையைச் சொல்லவில்லை, கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபின் அச்சாலையிற் சைக்கிள் விடுவோனை வீரன் என்று புகழலாமேயன்றி யாத்திரிகன் என்று சொல்லலாகாது. சேலையூரைக் கடந்து, சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும் ஏரியும் உள்ள மாடம்பாக்கத்தின் பக்கமாகவோ, அகரம்தென் வழியாகவோ சென்று, பொன்மார், மாம்பாக்கம், காயார் என ஊர் ஊராய்த் திருப்போரூரை அடைபவன் வேறோர் உலகத்தைக் காண்பான். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். விடியலிற் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேரலாம். உண்மையான மலையேற்றத்தை விரும்புவோர், சைக்கிளை ரயிலிற் சாமானாகப் பதிந்து ஜோலார்பேட்டையில் இறங்கி ஏலகிரிக்குச் செல்லலாம். அம்மலைச் சாலையின் 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் இட்டிருக்கின்றனர். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இதனினும் இனிய பாடசாலை வேறு யாதுளது? முல்லைக்குத் தேரை விட்டுக் கால்நடையாய்த் திரும்பிய பாரியின் பெயர் பூண்ட வளைவிலே, மூச்சு வாங்கச் சைக்கிளை உருட்டிச் செல்வதும் பொருத்தமே!

ஆயினும் நம் அருகிலுள்ள சிறு வழிகள் நாள்தோறும் குறைந்து வருகின்றன. ஏரிக்கரை வழி அகலமான சாலையாகின்றது. அகலமானவுடன் தண்ணீர் லாரிகளும் மண் லாரிகளும் அதனைக் குறுக்கு வழியாகக் கொள்கின்றன. பின்பு அவ்வழியே பள்ளிக்குச் சைக்கிளிற் சென்ற சிறுமியை வீட்டார் தடுக்கின்றனர். நட்டம் யாருக்கு? 1991-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடக் கற்றனர். கணவனையோ பேருந்தையோ எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் தாமே செல்லும் சுதந்திரத்தை அவ்வெளிய இயந்திரம் அவர்களுக்கு அளித்தது. நம் அரசாங்கமும் பள்ளி மாணாக்கர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வருகின்றது. வண்டியைக் கொடுத்து வழியைப் பறித்தல் எவ்வகை நீதி? பொழுதுபோக்கிற்காகச் செல்லும் நமக்குச் சிறு வழி ஓர் இன்பம். பிழைப்பிற்காகச் செல்லும் பால்காரர்க்கும் கூலித்தொழிலாளர்க்கும் அதுவே உயிர்க்காப்பு.

ஆதலின் மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகின்றேன். முதலாவது, 2021-இல் மாநகராட்சியான தாம்பரம், ஏரியோரச் சாலைகளில் ஒன்றையேனும் ஞாயிறுதோறும் விடியல் முதல் 8 மணி வரை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்தல் வேண்டும். 2014-இல் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் இவ்வாறு செய்தபோது குழந்தைகளும் முதியோரும் அங்கே நிறைந்தனர். ஆகவே இது ஆகாத காரியமன்று. இரண்டாவது, பள்ளிகளை அடுத்த சிறு வழிகளில், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகள் செல்லாமல் தடுத்தல் வேண்டும். மூன்றாவது நம் கையிலேயே உள்ளது. நம் விடுதிகள் ஒவ்வொன்றும் கியர் உள்ள சைக்கிள்கள் சிலவற்றைப் பொதுவாக வாங்கி வைத்து, மாணவர்க்கும் மாணவியர்க்கும் முறை வைத்துக் கொடுத்து, மாதம் ஒருமுறையேனும் யாத்திரை நடத்துதல் வேண்டும்.

பரீட்சைக்குப் படிக்கவே பொழுதில்லை என்பார் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இழந்து தோற்றவர் யாரும் இலர். வெயில் கொடிது என்பார்க்கு, விடியற்காலம் நம் நாட்டிலும் குளிர்ந்ததே என்பேன். யாரும் செல்லாத வழியை யாரும் காக்க முன்வாரார். அதனை அடைத்தாலும் அகற்றினாலும் கேட்பாரிலர். நாள்தோறும் பலர் செல்லும் வழிக்கோ வாய் உண்டு. எனவே, தோழர்களே, முதலில் அவ்வழிகளிற் செல்லுங்கள். பிறகு அவற்றிற்காகப் பேசுங்கள்.