மடிக்கணினி வந்தது, மேசை வரவில்லை

பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்தக் கருவியை எங்கே வைத்துப் படிப்பது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். இத்தகைய ஊர்களில் படிப்பதற்கென்று மேசையும் நாற்காலியும் உள்ள வீடுகள் குறைவு. தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்தோ, கட்டிலில் குப்புறப் படுத்தோதான் பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசிக்கு அதுவும் தேவையில்லை; குனிந்த தலை போதும்.

மடிக்கணினியின் அமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. நிமிர்ந்த நிலையில் சுமார் 5 கிலோ எடையுள்ள தலை, 60 டிகிரி குனியும்போது கழுத்தெலும்பின் மீது ஏறத்தாழ 27 கிலோ விசையைச் செலுத்துகிறது என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. மனிதர்களிடம் அளந்தது அன்று. குனியும் கோணத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. அசையாமல் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்பகுதிக்கு உடல்வலி புதிதன்று. ராஜபாளையத்தின் நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் நின்றே உழைத்தவர்கள், தம் பிள்ளைகளாவது உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றுதான் படிக்க வைக்கிறார்கள். நிற்பவர்களுக்குச் சட்டம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. கடை ஊழியர்களுக்கு அவ்வுரிமை தமிழ்நாட்டில் 2021-இல்தான் கிடைத்தது. உட்கார்ந்து கூனுபவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பெருஞ்செலவு தேவையில்லை. கணினியோடு தனி விசைப்பலகை ஒன்றையும் அரசு வழங்கலாம். நான்கு பாடப்புத்தகங்களை அடுக்கி அதன்மேல் திரையை உயர்த்திக்கொள்ள மாணவர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கப்படும் உடற்கல்வி வகுப்பையும் அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும்.