காசில்லாத சினிமாவும் ஒரு புளுகும்

பங்க் என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. இது வேறு பங்க். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை. கிழிந்த சட்டை, காட்டுக் கூச்சல், யாருக்கும் அடங்காத பேச்சு. அப்படிப்பட்டவர்கள் யாரையும் ஒதுக்க மாட்டார்கள் என்றுதானே தோன்றும்? அதுதான் இல்லை! 1980களில் அமெரிக்க, கனடா பங்க் கூட்டத்தில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைப் பற்றிய கேலிக்கும் வெறுப்புக்கும் பஞ்சமே இல்லை. அந்தப் பக்கம் கே பார்களிலோ கிழிந்த சட்டைக்கு மரியாதை கிடையாது.

இரண்டு பக்கமும் சேராத ஜி.பி.ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் 1985ல் டொராண்டோவில் 'ஜே.டி.ஸ்' என்று ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஊரில் பெரிய குயர் பங்க் பட்டாளமே இருப்பதுபோல் எழுதினார்கள். நிஜத்தில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய நண்பர்கள். சுத்தப் புளுகு! ஆனால் அதை நம்பிய வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு பத்திரிகை, ஆளுக்கொரு இசைக்குழு என்று தொடங்கிவிட, புளுகு நிஜமாகிவிட்டது. குயர்கோர் என்று பெயரும் வந்தது. இப்படி ஒரு பொய்யை மன்னிக்கலாம். வேறு வழியில் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்க முடியாது.

படமும் அதே பாணிதான். வீட்டு விசேஷங்களைப் பிடிக்க கோடாக் 1965ல் கொண்டுவந்த சூப்பர் 8 ஃபிலிமில், லாபுரூஸ் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். 1991ல் வந்தது. ஒரு சிகையலங்காரக்காரருக்கு மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் பையன்மேல் காதல். (மொட்டைத்தலையில் என்ன அலங்காரம் செய்வது, பாவம்!) சிகையலங்காரக்காரர் லாபுரூஸே, பையனின் சகோதரி ஜோன்ஸ். நடிகர் சம்பளம் மிச்சம்.

இங்கேதான் ரசிகர்கள் சறுக்குகிறார்கள். காசில்லாததே அழகு, காசு வந்தால் பங்க் செத்துவிடும் என்கிறார்கள். ஜோன்ஸின் 'த லாலிபாப் ஜெனரேஷன்' படப்பிடிப்பு 1990களில் தொடங்கியது. படம் வெளியானது 2008ல். ஃபிலிம் வாங்கக் காசு சேரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. பத்து வருடத்துக்கு மேல்! அத்தனை வருடத்தில் அவர் எடுக்க முடியாமல் போன படங்களையும், கூலி வாங்காத நண்பர்களின் உழைப்பையும் எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? வறுமையைப் புகழ்கிறவர் முதலில் ஒரு ஃபிலிம் சுருளின் விலையைக் கேட்டுவிட்டு வரட்டும்.