இலக்கை நிறுத்தி வைத்துவிட்டுக் கற்றுக்கொடுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் வட்டாரங்களில் ஏக்கர் கணக்கில் எழுந்து நிற்கும் கிடங்குகளை நம் சட்டம் நீண்ட காலம் கடையின் பின்கட்டாகவே பார்த்துவந்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் குடோனையும் ‘கடை’ என்ற வரையறைக்குள் அடக்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, குளிர்பதனக் கிடங்குகளை ஏற்றுக்கொண்டு, சரக்கைச் சேமித்து வைக்க மட்டுமே பயன்படும் சாதாரணக் கிடங்குகளை வெளியே நிறுத்தியது. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளரின் உரிமையாக எழுதப்பட்டபோது, அது ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. குடோன் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது; தேவையான பயிற்சியை அளிக்கும் கடமையைக் குறிப்பாக ஆலை, சுரங்கம், கட்டுமானம் போன்றவற்றுக்கே எழுதியிருக்கிறது. கிடங்கில் எப்படிப்பட்ட பயிற்சி, எந்த மொழியில், யார் நேரத்தில் என்பதை இனி வகுக்கப்படும் விதிகளும் நடைமுறையும்தான் முடிவு செய்யும். அந்த இடைவெளியில், முதல் நாள் காலை ஓடும் ஒரு வீடியோவும் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் ‘பயிற்சி’ என்று கணக்கில் ஏறிவிடக் கூடாது.

பயிற்சி என்றாலே நன்மைதான் என்று நினைப்பதும் தவறு. ‘முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு’ என்பதுதான் உலகமெங்கும் கிடங்குகளில் நடக்கும் முதல் பாடம். இத்தகைய பயிற்சிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, இவை முதுகுவலியைத் தடுக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இதற்கு வகுப்பு தீர்வாகாது. மூட்டையின் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தூக்கும் வேலையை இயந்திரத்திடம் விட வேண்டும். முதலாளி செய்ய வேண்டிய செலவைத் தொழிலாளியின் முழங்காலில் ஏற்றுவதற்குப் பயிற்சி ஒரு சாக்காகிவிடக் கூடாது.

பயிற்சி மட்டுமே உயிர் காக்கும் இடங்களும் உண்டு. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. முன்பக்கம் இடப்புறம் திரும்பினால் பின்பக்கம் வலப்புறம் வீசும். ரேக்குகளுக்கு இடையே நடப்பவர் இதை அறியாமல் வண்டியின் பின்னால் ஒதுங்கினால் நசுங்குவார். சுமையை உயரத் தூக்கியபடி வளைவில் திருப்பினால் வண்டி சாயும். சாயும்போது குதித்துத் தப்பிக்கச் சொல்லும் உடம்பு. குதித்தவர் மேலேயே வண்டியின் கூரைச் சட்டம் விழும். இருக்கையில் அமர்ந்து ஓட்டும் வண்டியில், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாய்த்து உள்ளேயே இருப்பதுதான் வழி. இயல்பான அச்சத்துக்கு நேர்மாறான இந்தச் செயல் வீடியோ பார்த்து வராது. திரும்பத் திரும்பச் செய்துதான் உடம்பில் பதிய வேண்டும். அமெரிக்காவில் வகுப்பு, செய்முறை, பணியிட மதிப்பீடு மூன்றும் சேர்ந்தால்தான் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி செல்லும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும், விபத்தோ மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நேர்ந்தால் மறுபயிற்சியும் கட்டாயம்.

அந்த நாட்டிலேயே ஏட்டுப் பயிற்சி என்ன செய்யும் என்பதும் தெரிந்தது. 2021 டிசம்பர் 10 இரவு இல்லினாய் மாநிலம் எட்வர்ட்ஸ்வில்லில் அமேசான் கிடங்கைச் சூறாவளி தாக்கி ஆறு பேர் இறந்தார்கள். அவசரகாலத் திட்டம் எழுத்தில் இருந்தது. குறைந்தபட்ச விதிகளுக்குப் பொருந்தியும் இருந்தது. ஆனால், எச்சரிக்க வேண்டிய ஒலிபெருக்கி ஒரு கம்பிக்கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தது என்றும், ஒத்திகையில் கலந்துகொண்ட நினைவே சிலருக்கு இல்லை என்றும் விசாரணை சொன்னது. தஞ்சம் புகக் குறிக்கப்பட்டிருந்தது வடபுறக் கழிவறை; சிலர் தென்புறத்துக்கு ஓடினார்கள்.

ஒரு மாதத்தில் போய்விடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று நிறுவனங்கள் கேட்கின்றன. புதியவருக்குத்தான் இடம் பழக்கமில்லை; ஆள் அடிக்கடி மாறுகிறார் என்பது பயிற்சியை அதிகமாக்கவே காரணம். அந்தச் செலவைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டவும் கூடாது. ரேக்கும் வண்டியும் யாருடையவோ, பயிற்சியும் அவருடைய பொறுப்பு. சிறிய குடோன்களால் முடியாது என்பதில் நியாயம் உண்டு. ஒரே வளாகத்தில் இருக்கும் பல கிடங்குகளுக்கு அரசே தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாகப் பொதுப் பயிற்சியாளர்களை அனுப்பலாம். கற்றுக்கொடுத்தாலும் தொழிலாளி கவனிப்பதில்லை என்பதுதான் மிகப் பழைய குற்றச்சாட்டு. ஒடியாவோ வங்காளமோ பேசுபவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிய பலகையைக் காட்டிவிட்டு அப்படிச் சொல்வது நியாயமில்லை.

கவனிக்க விடாமல் செய்வது வேலைக்கு விதிக்கப்படும் இலக்கு. ஹரியானாவின் மானேசரில் பன்னாட்டு இணைய வணிக நிறுவனம் ஒன்றின் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கை இறக்கும்வரை தண்ணீருக்கும் கழிவறைக்கும் போகமாட்டோம் என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கியதாக 2024இல் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. தாகத்துக்கே நிற்க முடியாதவர், ரேக்கின் கால் வளைந்திருப்பதைக் கண்டு வேலையை எப்படி நிறுத்துவார்? புதிய சட்டத் தொகுப்பும் உயிராபத்தைக் கண்டால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறதே தவிர, பதில் வரும்வரை விலகி நிற்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ஆகவே, தமிழக அரசு வகுக்கும் விதிகளில் கிடங்குகளுக்கெனத் தனிப் பகுதி வேண்டும். பயிற்சி நேரம் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கான இலக்கு கணக்கிலிருந்து நீக்கப்பட வேண்டும். தேர்ச்சிச் சான்றில்லாதவர் ஃபோர்க்லிஃப்டில் ஏறவே கூடாது. தீயணைப்பு ஒத்திகை ஒவ்வொரு ஷிப்டிலும், இரவு ஷிப்ட் உட்பட, நடக்க வேண்டும். ஆபத்தைக் கண்டு கையை எடுத்த தொழிலாளியின் கூலியைப் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். ஆய்வாளர் வரும்போது பதிவேட்டைக் கேட்க வேண்டாம். எதிர்ப்படும் நான்கு தொழிலாளரை அழைத்து, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவாய் என்று அவரவர் மொழியில் கேட்டு, அந்த வழியாகவே நடந்து காட்டச் சொல்லட்டும்.