ஒரே ஆற்றில் மீனும் புல்லும்: மொன்டானாவின் கோடைக் கணக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஜூலை வெயில் ஏறியதும் சில ஆறுகளுக்கு ஒரு தடை அறிவிப்பு வரும். பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று நாட்கள் ஆற்று நீரின் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ்) தொட்டால், அந்த மாநில மீன், வனவிலங்குத் துறை இந்தத் தடையைக் கொண்டுவரலாம். மக்கள் இதை 'ஹூட் அவுல்' தடை என்கிறார்கள். ஹூட் அவுல் என்றால் ஆந்தை. அந்தக் காலத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்கள், கோடையில் காட்டுத் தீக்குப் பயந்து விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்குவார்களாம். ஆந்தை அலறும் நேரத்து வேலை என்பதால் அந்தப் பெயர் வந்தது.

இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சிபோலச் செய்து, அதை நீர்மேல் வீசி டிரவுட் மீனைப் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அதை நம்பிப் படகோட்டிகளும் வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் பிழைக்கிறார்கள். இந்தச் செய்திக்கு விவசாயப் பக்கத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆறுகளில் கோடைத் தண்ணீரை எடுப்பவர்களில் முதலிடம் விவசாயிகளுக்குத்தான். மீன் பிழைக்குமா என்பது பெரும்பாலும் அவர்கள் மடையை எப்போது திறக்கிறார்கள், எப்போது அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் 23 டிகிரியின் கணக்கைப் பாருங்கள். கடல் மட்ட உயரத்தில், 10 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறையும். 6,000 அடி உயர மலைப் பள்ளத்தாக்கில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரத்தில் நீர் சூடாகச் சூடாக மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறத் தொடங்கும். 25 டிகிரியை ஒட்டி நீடித்தால் சாகும். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுவதுதான் அங்கே பலரின் வழக்கம். ஆனால் சுடுநீரில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகலாம். ஆற்று நீர் அதிகமாகச் சூடாவது மாலை நேரத்தில். விடியலில் அது குளிர்ந்திருக்கும். அதனால்தான் தடை பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது.

இந்தத் தடை இப்போது அடிக்கடி வருகிறது. 2021 கோடையில் மொன்டானாவின் பல ஆறுகளில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பக்கத்திலுள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் தன் ஆறுகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் தூண்டில் போடுவதை நிறுத்தியது. மலையில் பனி குறைவாக விழுகிறது, விழுந்ததும் முன்னதாகவே உருகிவிடுகிறது. ஆகஸ்டில் ஆறு மெலிகிறது. மெலிந்த ஆறு சீக்கிரம் சூடாகும். குவளை நீரும் குடத்து நீரும் ஒரே வெயிலில் ஒரே வேகத்தில் சூடாவதில்லை அல்லவா?

நம் பக்கத்துக்கு உரிய கதை பிக் ஹோல் ஆற்றில் இருக்கிறது. மொன்டானாவின் தென்மேற்கு மூலையில், உயர்ந்த பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு. இரு கரையிலும் மாட்டுப் பண்ணைகள். மே மாதம் பனி உருகும்போது வாய்க்காலைத் திறந்து புல்வெளி முழுக்கத் தண்ணீர் பரப்புவார்கள். ஜூலையில் நிறுத்திக் காயவிட்டு, புல்லை அறுத்துக் குளிர்காலத்துக்குப் போர் போடுவார்கள். 'பத்தாயிரம் போர்களின் பள்ளத்தாக்கு' என்பது அதன் செல்லப் பெயர். அங்கே நீருரிமைச் சட்டம் எளியது: முதலில் தண்ணீர் எடுத்தவருக்கு முதல் உரிமை. நூறாண்டுக்கு முன் உரிமை பெற்ற பண்ணை தன் பங்கை முழுக்க எடுக்கலாம், ஆறு வற்றினாலும்கூட. 1988 வறட்சியில் விஸ்டம் என்ற ஊருக்கு அருகே அப்படித்தான் ஆறு வற்றியது.

அந்த ஆற்றில் டிரவுட்டோடு கிரேலிங் என்ற மீனும் வாழ்கிறது. அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில், ஆற்றிலேயே வாழும் கிரேலிங்கின் கடைசிப் புகலிடம் இதுதான். அழிவாபத்துப் பட்டியலில் இந்த மீன் சேர்ந்துவிட்டால் தங்கள் மடைகள்மேல் மத்திய அரசு கை வைக்குமோ என்ற அச்சம் பண்ணையாளர்களுக்கு. 1995-இல் அவர்களும் தூண்டில்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து பிக் ஹோல் ஆற்றுப்படுகைக் குழுவை அமைத்தார்கள். ஆற்றின் அளவுமானி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் யார் என்ன செய்வது என்று வறட்சித் திட்டம் எழுதினார்கள். தண்ணீர் குறைந்தால் பண்ணையாளர் மடையைச் சுருக்க வேண்டும், தூண்டில்காரர் கரையேற வேண்டும். இழப்பு இருவருக்கும் உண்டு என்பதாலேயே அந்தத் திட்டம் நிலைத்தது என்பது என் கணிப்பு.

2006-இல் அரசுத் துறைகளோடு ஓர் ஒப்பந்தமும் வந்தது. அதில் சேரும் பண்ணையாளர் மடைக்கு அளவுகருவி பொருத்த வேண்டும், தடுப்பணையில் மீனுக்கு ஏணி வைக்க வேண்டும், ஆற்றோரம் வேலி போட வேண்டும். விஸ்டம் பகுதியில் கோடையிலும் நொடிக்கு 60 கன அடி நீர் ஓட வேண்டும் என்பது இலக்கு. பதிலுக்கு அரசு ஓர் உறுதி தருகிறது: கிரேலிங் நாளை பட்டியலில் சேர்ந்தாலும், ஒப்பந்தப்படி நடந்தவர்மேல் கூடுதல் கட்டுப்பாடு வராது. விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்ற வேண்டுகோள் அங்கே தனியாகப் போகவில்லை; 'சேமித்தால் உங்கள் உரிமை போகாது' என்ற எழுத்தும் கூடவே போனது.

எனக்கு மிகவும் பிடித்தது மாட்டுத் தண்ணீர்க் கணக்கு. புல் அறுத்த பிறகும் ஆகஸ்ட், செப்டம்பரில் வாய்க்கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மாடுகள் குடிக்க வேண்டுமே! 200 மாடுகள், ஒன்றுக்கு நாளைக்கு 60 லிட்டர் என்று வைத்தால் தேவை 12,000 லிட்டர். நொடிக்கு ஒரே ஒரு கன அடி ஓடும் சின்ன வாய்க்கால் ஒரு நாளில் கொண்டுவருவது 24 லட்சம் லிட்டருக்கும் மேல். தேவையைப்போல 200 மடங்கு! ஆறு மெலிந்து கிடக்கும் மாதத்தில் இவ்வளவும் வாய்க்காலில் போனது. ஒப்பந்தத்தின் கீழ் மேய்ச்சல் நிலத்தில் கிணறு வெட்டித் தொட்டி வைத்தார்கள், வாய்க்காலை அடைத்தார்கள். புல் விளைச்சலில் ஒரு கட்டும் குறையாமல் ஆற்றுக்கு நீர் மிச்சமானது.

அடுத்தது, பாசனச் சிக்கனம் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்த எனக்கே உறுத்தலான செய்தி. மே மாதத்தில் புல்வெளியில் பரப்பும் தண்ணீரை வீண் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஆற்றுக்கே ஊறி வருகிறது. ஆகஸ்டில் மீன்கள் ஒதுங்கும் குளிர்ந்த மடுக்கள் சிலவற்றுக்கு அந்த ஊற்றே ஆதாரம். வாய்க்காலை மூடித் தெளிப்பு நீருக்கு மாறினால், ஆற்றில் எடுப்பது குறையும். ஊறி வருவதும் குறையும்.

பக்கத்து ஐடஹோ மாநிலம் இதை நேரில் கண்டது. ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் வாய்க்கால் பாசனம் பரவப் பரவ, 1950-கள் வரை அங்குள்ள ஊற்றுகளில் நீர் பெருகியது. பிறகு ஆழ்துளைக் கிணறுகளும் தெளிப்பானும் வந்தன, ஊற்றுகள் மெலிந்தன. ஆண்டு முழுவதும் 15 டிகிரியில் வரும் அந்த ஊற்று நீரை நம்பித்தான் அங்கே டிரவுட் பண்ணைகள் நடக்கின்றன. 2005-இல் பண்ணைகள், கிணற்றுப் பாசனக்காரர்களின் இறைப்பைக் குறைக்கச் சொல்லி அரசிடம் முறையிட்டன. இப்போது அந்த மாநிலம் தண்ணீர் மிகுந்த மாதங்களில் வாய்க்காலில் நீரை விட்டு, வேண்டுமென்றே மண்ணுக்குள் இறக்குகிறது. இதற்கு ஆண்டுக்கு 2,50,000 ஏக்கர் அடி என்று இலக்கு வைத்திருந்தது. நம் கணக்கில் சுமார் 11 டி.எம்.சி.

இதைப் படித்துவிட்டுச் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். ஊறும் நீர் திரும்பி வர ஆறு அருகில் இருக்க வேண்டும், மண் வழிவிட வேண்டும், எடுக்கும் காலம் வெள்ளக் காலமாக இருக்க வேண்டும். மே மாதத்தில் எடுத்த அதே அளவு நீரை ஆகஸ்டில் எடுத்தால் ஆறு செத்துவிடும். எவ்வளவு எடுத்தோம் என்பதோடு எப்போது எடுத்தோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

கொலராடோ மாநிலத்தில் 2012 வறட்சியில் யாம்பா ஆறு வற்றியபோது, ஒரு தொண்டு அமைப்பு மேலேயுள்ள ஸ்டேஜ்கோச் நீர்த்தேக்கத்தில் 4,000 ஏக்கர் அடியைக் குத்தகைக்கு எடுத்துக் கோடையில் ஆற்றில் விட்டது. இது 0.17 டி.எம்.சி.தான். சரியான வாரங்களில் விட்டால் அந்தச் சிறிய அளவும் ஆற்றைத் தாங்கிப் பிடிக்கும். மொன்டானாவிலும் மீனுக்காகப் பாசன உரிமையைக் குத்தகைக்கு எடுக்க 1989-லேயே சட்டம் வழிவிட்டது. அணைகளுக்குக் கீழே நிலைமை வேறு. யெல்லோடெயில் அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதால், அதன்கீழ் பிக்ஹார்ன் ஆற்றில் டிரவுட் செழிக்கிறது. ஏரிகளில் மீன் தானே ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கிருந்து சூடான மேல்மட்டத்துக்கு இழுத்து வரும்போதுதான் ஆபத்து.

பிக் ஹோலில் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2023-இல் அந்த ஆற்றின் சில பகுதிகளில் பழுப்பு டிரவுட் எண்ணிக்கை பதிவானவற்றிலேயே மிகக் குறைவாக இருந்தது. பக்கத்திலுள்ள பீவர்ஹெட், ரூபி ஆறுகளிலும் அப்படியே. வெப்பம், நீர்க் குறைவு, நோய், தூண்டில் நெரிசல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கிரேலிங்கைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை 2014-இலும் 2020-இலும் சொன்னது. பண்ணையாளர்களின் ஒப்பந்தம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இரண்டு முடிவுகளும் நீதிமன்றத்துக்குப் போயின. 2024-இல் மொன்டானா கூட்டாட்சி நீதிமன்றம் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. தன் விருப்பத்தால் செய்யும் சிக்கனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே வழக்கின் உள்ளே இருக்கும் கேள்வி. என்னைக் கேட்டால், மடையில் அளவுகருவி இருக்கும்வரை நம்பலாம். அந்த ஆறுகளின் ஓட்டத்தையும் பல இடங்களில் வெப்பத்தையும் நாள் முழுவதும் அளந்து யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். பொய் சொல்ல இடம் குறைவு.

நீலகிரியில் அவலாஞ்சியின் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் வெள்ளையர் காலத்திலிருந்தே இருக்கிறது. மலைநீரின் குளிர்ச்சிதான் அதற்கு மூலதனம். மற்ற நம் விவசாயிகள் பண்ணைக் குட்டையில் வளர்ப்பது கட்லாவும் ரோகுவும்; அவை 28 டிகிரியிலும் சுகமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். மலையாற்றில் விடியல் நல்ல நேரம் என்று படித்ததை அப்படியே உங்கள் குட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். பாசி நிறைந்த பச்சைக் குட்டையில் இரவு முழுவதும் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால், விடியலுக்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் தீவனம் போட வேண்டாம். வெயில் ஏறி, மீன் கீழே இறங்கிய பிறகு போடுங்கள். மேகமூட்டமான நாட்களில் வழக்கமான அளவைக் குறைத்துவிடுங்கள்.