சிறைக்கதவு திறந்தது, நம் கதவு?

சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு விண்ணப்பம் வந்தது. அடிதடி வழக்கில் மூன்றாண்டுத் தண்டனையை முழுவதும் அனுபவித்து வெளிவந்த நம் பகுதித் தொழிலாளி ஒருவர், சங்க உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துத் தரும்படி கேட்டிருந்தார். வாடகைக்கு அறை கேட்டுப் போகும் இடமெல்லாம் “உன்னைத் தெரிந்தவர் யார்?” என்கிறார்கள், காட்டுவதற்கு அந்த அட்டையாவது வேண்டும் என்றார். “நமக்கேன் வம்பு? சங்கத்தின் பெயர் கெடும்” என்றனர் சிலர். முடிவெடுக்காமலே கலைந்தோம். கலைந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே! சிறைக்குப் போய் வந்தவரெல்லாம் குற்றவாளிகள் என்று எண்ணுவதே முதல் தவறு. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூவர், தீர்ப்பு வருமுன்னரே அடைபட்டவர்கள். வசதியுள்ளவன் ஜாமீனில் வந்து வீட்டிலிருந்து வழக்கு நடத்துகிறான். ஏழை கம்பிக்குள் இருந்து வாய்தாக்களை எண்ணுகிறான்.

பிழைக்க வந்த இடத்தில் இது இன்னும் கொடுமை. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண அய்யர், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ தொலைதூர ஊரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்றும் அத்தீர்ப்பில் கேட்டார். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உள்ளூர் ஜாமீன் நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று சொல்ல நேர்ந்தது. 45 ஆண்டுகளாகத் தீராத நோய் இது!

சரி, நம் தோழர் குற்றம் செய்தவர்தானே? ஆம். அதை அவரே மறைக்கவில்லை. அடிபட்டவரின் வலியையும் நாம் மறக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டு, முடியும் தேதி உண்டு. நாம் கொடுக்கும் தண்டனைக்குத் தேதி ஏது? அவர் மனைவியும் பிள்ளைகளும் என்ன குற்றம் செய்தார்கள்?

வெளியே வருகிறவரிடம் பழைய அறை இல்லை, வேலை இல்லை. ஆதாரில் பதிந்த கைபேசி எண் செத்துப் போயிருக்கும். அது இல்லாமல் பாங்குக் கணக்கும் ரேஷனும் அலைச்சல்தான். சொந்த ஊராக இருந்தால் மாமனோ மச்சானோ வாசலில் நிற்பான். இங்கே நாம் போய் நிற்காவிட்டால், பழைய கூட்டாளி போய் நிற்பான். அவன் கையில் சோறும் இருக்கும், அடுத்த வழக்கும் இருக்கும்.

ஆகவே நான்கு காரியங்கள் செய்வோம். விடுதலை நாளில் சிறை வாசலுக்கு இருவர் போக வேண்டும். ஊர் திரும்ப விரும்புவோரை டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிடும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஆதார், ரேஷன், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைச் சரிசெய்யச் சங்க அலுவலகத்தில் உதவ வேண்டும். சிறையிலிருந்து வந்தவருக்கு ஓட்டுரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் மேஸ்திரிகள் முதல் வேலையைக் கொடுக்க வேண்டும். ஜாமீனில் வந்தவர் வாய்தாவைத் தவறவிட்டால் வாரண்ட் வரும். அதை நினைவூட்ட ஒருவர் வேண்டும். உள்ளே இன்னும் இருப்போருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவில் அவர்களுக்காக மனுக் கொடுப்போம்.

வரும் செயற்குழுவில் அந்த அட்டையைப் புதுப்பிக்கும் தீர்மானத்தை நானே கொண்டு வருகிறேன். இம்முறை கலைந்து போகாமல், கை தூக்க வாருங்கள்.